தெரிவுக்கு உகந்ததல்லாத பெட்டி

பாலையூற்று ஹெக்டருக்கு எஞ்சின் வேலை தண்ணிபட்ட பாடு. நிலாவெளி தொடங்கி இலங்கைத்துறை வரைக்கும் எந்த வள்ளத்தின் எஞ்சின் குழப்படி செய்தாலும் ஆளைத் தேடித்தான் வருவார்கள். காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, இன்னதுதான் வருத்தம் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுசன் ஒரு பற்றரிப் பெட்டி வாங்க நான்கு மாதம் நாயாய் அலைந்தார் என்றால், அதில் அவருடைய பிழை எள்ளளவும் இல்லை. சரியான பெட்டியைத் தெரிவுசெய்ய அவருக்கு உதவுவதற்கென்று ஒரு சபை இருந்தது. அதுதான் காரணம்.

பெட்டி தேவைப்பட்டது அவருடைய மனைவி கிறிஸ்டினுக்கு. நுரையீரல் வருத்தம். காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து, மெல்லிய குழாயால் மூக்குக்கு அனுப்பும் மெஷின் ஒன்று கட்டில் தலைமாட்டில் எந்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் அது நிற்கும். அது நின்றால் கிறிஸ்டின் கதைப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சாகத் தேடி எடுப்பா. ஆஸ்பத்திரியில் தந்த சின்னச் சிலிண்டர் ஒரு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். அந்த வருசம் கரண்ட் போனால் அதைவிடக் கூட நேரம் போனது.

நீங்கள் கேட்கலாம், எஞ்சின் வேலை தெரிந்த மனுசன் ஒரு வள்ளத்துப் பற்றரியை வைத்து ஏதாவது செய்திருக்கலாமே என்று. செய்தார். மலிவான இன்வேட்டர் ஒன்றைப் பூட்டி ஓட்டிப் பார்த்தார். அந்தக் கரண்ட் மெஷினுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே சர்க்கிட் தட்டு எரிந்து, திருத்தி வருமட்டும் ஒன்பது நாள் கிறிஸ்டின் ஆஸ்பத்திரியில் கிடந்தா. இனி இந்த விளையாட்டு வேண்டாம், வீட்டுக் கரண்ட் மாதிரிச் சுத்தமான கரண்ட் தருகிற பெட்டியாக வாங்குங்கோ என்று டொக்டர் ஏசி அனுப்பினார்.

அப்படிப்பட்ட பெட்டி டவுணில் ஹஸ்மியின் கடையில் இருந்தது. பதினொரு கிலோ. மேலே பிடி. கிறிஸ்டினின் மெஷினை மூன்று மணித்தியாலம் ஓட்டும். ஹெக்டர் வாய்ப்பேச்சை நம்புகிற ஆளில்லை. மெஷினையே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய், பெட்டியில் கொழுவி, கடையின் மெயின் சுவிட்சை நிறுத்தச் சொன்னார். மெஷின் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டார். சத்தம் மாறவில்லை. தெரிவு அந்த இடத்திலேயே முடிந்தது. எல்லாமாகப் பத்து நிமிடம் சென்றிருக்கும்.

காசை எடுத்து மேசையில் வைத்தபோதுதான் ஹஸ்மி தலையைச் சொறிந்தான்.

"தர ஏலாது அங்கிள். சபையிட தெரிவுச் சான்றிதழ் இல்லாம இந்தப் பெட்டிய வித்தா கடையப் பூட்டிப் போட்டிருவாங்க."

திருகோணமலைத் துறைமுகப் பிரிவு வீட்டு மின்தடைத் தெரிவு வழிகாட்டற் சபை என்பது அதன் முழுப் பெயர். அதைச் சொல்லிமுடிக்கக் கிறிஸ்டினுக்கு மூன்று மூச்சு வேண்டும். அதனால் நாமும் சபை என்றே சொல்லுவோம். சனங்கள் பிழையான பெட்டியை வாங்கி ஏமாறுகிறார்கள் என்று யாரோ மேலிடத்தில் கவலைப்பட்டதன் விளைவாக அது பிறந்தது. பிறந்த நாளிலிருந்து ஒருவரும் பிழையான பெட்டி வாங்கவில்லை. ஒருவரும் எந்தப் பெட்டியும் வாங்கவில்லை. அந்த வெற்றியைச் சபை வருசாந்த அறிக்கையில் போட்டிருந்தது.

சபையின் கந்தோர் கடலைப் பார்த்த கட்டடம். உள்ளே போனால் குளிர் எலும்பில் இறங்கும். உத்தியோகத்தர்கள் சுவெட்டர் போட்டிருந்தார்கள். விடயத்துக்குப் பொறுப்பானவ றிஷானா என்று ஒரு பிள்ளை. தங்கமான குணம். ஹெக்டரைக் கதிரையில் இருத்தி, பதினான்கு பக்க விண்ணப்பத்தை மூன்று பிரதியாக எடுத்துக் கொடுத்தா. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: மின்தடையின்போது நீங்கள் உணர்வது என்ன, இருட்டா, வெக்கையா, இரண்டுமா? மூச்சு முட்டலுக்குக் கட்டம் இல்லை. ஹெக்டர் ஓரத்தில் எழுதினார். ஓரத்தில் எழுதினால் விண்ணப்பம் பழுதாகிவிடும் என்று சொல்லிப் பிள்ளை புதிதாக இன்னும் மூன்று பிரதி கொடுத்தா.

விண்ணப்பத்தோடு, வீட்டில் மின்தடை நிகழ்ந்ததற்கான உறுதிப்பத்திரமும் வைக்கவேண்டுமாம். ஹெக்டருக்குச் சிரிப்பு வந்தது. நேற்றும் போனது, முந்தநாளும் போனது, ஊருக்கே தெரியும் என்றார். றிஷானா பொறுமையாக விளங்கப்படுத்தினா.

"ஐயா, அறிவித்தல் குடுத்து நிப்பாட்டினால் அது முகாமைத்துவம். அறிவிக்காமல் நிண்டு இரண்டு மணித்தியாலத்துக்குள்ள வந்தால் அது இடைவேளை. அதுக்கு மேல போனால் அது பழுது. இந்த மூண்டும் எங்கட விடயத்துக்குள்ள வராது."

"அப்ப மின்தடை எண்டால் என்ன பிள்ளை?"

றிஷானா விதிக்கோவையைப் புரட்டிப் பார்த்தா. "அதை இன்னும் ஒருத்தரும் நிரூபிக்கேல்லை ஐயா."

ஆனால் ஒரு வழி இருந்தது. சபையின் வெளிக்கள உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, கண்ணால் கண்டு, இது மின்தடைதான் என்று மனச்சாட்சிப்படி எழுதிக்கொடுத்தால் சபை ஏற்றுக்கொள்ளும். உத்தியோகத்தரின் பெயர் பாஹிம். நாற்பது வயது, கையில் ஒரு கோப்பும் தொடுதிரை டெப் ஒன்றும், முகத்தில் எந்த நேரமும் மன்னிப்புக் கேட்கிற ஒரு பார்வை. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்து ஹோலில் கதிரையைப் போட்டு இருந்து, கரண்ட் போவதைக் காணக் காத்திருந்தார்.

அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. மத்தியானம் கிறிஸ்டின் மூக்கில் குழாயோடு குசினிக்கும் ஹோலுக்கும் மெல்ல நடந்து, சூடைமீன் சொதியும் சோறும் கொடுத்தா. பின்னேரம் நாலேகாலுக்குப் பாஹிம் எழும்பி, மோட்டார் சைக்கிளை எடுத்துச் சந்திக்குப் போயிருக்கமாட்டார், பட்டென்று கரண்ட் போனது. ஹெக்டர் சாரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். பாஹிமுக்கு உண்மையாகவே கவலை. ஆனால் வேலைநேரம் முடிந்துவிட்டது, இனிமேல் அவர் கண்டாலும் அது கண்டதாகாது என்றார். செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் இதே கூத்துத்தான். சொதி மட்டும் பால்கறியாகவும், பிறகு முருங்கைக்காய்க் குழம்பாகவும் மாறியது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, பாஹிம் கதிரையில் இருக்கும்போதே, கரண்ட் போனது. ஹெக்டர் கையைத் தட்டிவிட்டார். கரண்ட் போனதற்குச் சந்தோசப்பட்டது அவர் சீவியத்தில் அதுதான் முதல்தரம். அடுத்த கணம் அறைக்குள் மெஷின் அலறிவிட்டு அடங்கியது கேட்டது. மனுசனுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

பாஹிம் டெப்பை எடுத்தார். மின்தடையை, மின்தடை நடக்கும்போதே, இணையத்தில் பதியவேண்டும் என்பது விதி. வீட்டு இணையம் கரண்டோடு போயிருந்தது. போனில் பிடித்துப் பார்த்தார். பக்கத்துக் கோபுரமும் படுத்துவிட்டது. வாசலில் நின்று, மதிலில் ஏறி நின்று, டெப்பை வானத்துக்குக் காட்டினார். சிலிண்டர் பன்னிரண்டு மணியோடு முடிந்தது. கிறிஸ்டின் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு இருந்தா. விரலில் மாட்டியிருந்த சின்ன ஒட்சிசன் மானியில் இலக்கம் இறங்கியது. தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு. பாஹிம் மதிலில் இருந்து இறங்கி வந்து, சபையின் கோப்பால் அவவுக்கு விசுக்கத் தொடங்கினார். ஒன்றரை மணிக்குக் கரண்ட் வந்தது. இணையமும் வந்தது. டெப் ஒரு கேள்வி கேட்டது: தற்போது வீட்டில் மின்தடை உள்ளதா? பாஹிம் பொய் எழுதாத மனுசன். இல்லை என்று அழுத்தினார். உங்கள் விண்ணப்பம் நிறைவுற்றது, நன்றி என்றது டெப்.

பிறகு பாஹிம் தானாகவே கடதாசியில் நாலு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். கடதாசியில் எழுதியதை ஏற்பதா என்று சபை ஆறு கிழமை யோசித்து, பரிசீலிக்கலாம் என்று தீர்மானித்தது. அதற்கு முதல் விண்ணப்பதாரி ஒருநாள் தெரிவுப் பயிற்சிக்கு வரவேண்டுமாம்.

பயிற்சி சபையின் மண்டபத்தில் நடந்தது. ஹெக்டருக்குப் பக்கத்துக் கதிரையில் கிண்ணியா அபூதாஹிர் இருந்தார். மீன் வைக்கிற குளிர்ப்பெட்டிக்குக் கரண்ட் வேண்டி விண்ணப்பித்துப் பதினொரு மாதமாம். அதற்கிடையில் மீனெல்லாம் பழுதாகி, ஆள் கருவாட்டு வியாபாரத்துக்கு மாறிவிட்டார். இப்போது சான்றிதழ் கிடைத்தாலும் அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை, விட்டுவிடவும் மனமில்லை, பயிற்சியில் தின்ன நல்ல பட்டிஸ் தருவார்கள் என்றார்.

மண்டபத்தின் நடுவே ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள்ளே, சிவப்பு ரிப்பன் கட்டி, ஹஸ்மியின் கடையில் ஹெக்டர் பார்த்த அதே பெட்டி. கீழே பலகை: தெரிவுக்கு உகந்ததல்ல. ஹெக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டுமுறை வாசித்தார். சனங்கள் விடுகிற பிழைக்கு உதாரணமாக அதைக் காட்சிக்கு வைத்திருப்பதாகவும், எட்டு மாதமாக அதை ஒருவரும் தொடவில்லை என்றும் றிஷானா சொன்னா.

அதில் என்ன பிழை என்பதைத் தலைவர் இராசையா தன்னுடைய பேருரையில் விளக்கினார். எழுபத்திரண்டு வயது, வேறுவேறு கந்தோர்களில் மூன்றுதரம் ஓய்வு பெற்ற மனுசர். முதலில் மங்கள விளக்கு ஏற்றினார்கள். பிறகு அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரே பொன்னாடைதான். கூட்டம் முடிய மடித்து உள்ளே வைத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு எடுப்பார்கள்.

"எங்கள் வீட்டில் பதினொரு வருடமாக மின்சாரம் நின்றதில்லை," என்று தலைவர் தொடங்கினார். "ஆகவே இந்த விடயத்தில் எனக்கு எவ்விதப் பக்கச்சார்பும் கிடையாது. பற்றரி பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்களை நியமித்தால் அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்துவிடுவார்கள். அந்த ஆபத்தை நாம் தவிர்த்திருக்கிறோம்."

சனம் கைதட்டியது. வீட்டில் பாவிக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது சட்டமாம். யாரால் தூக்கக்கூடியதாக என்று சட்டத்தில் இல்லை. அந்தக் குறையைச் சபை நிவர்த்தி செய்தது. தலைவர் ஒற்றைக் கையால், முகம் சுளிக்காமல், மேசை உயரத்துக்குத் தூக்கினால் அந்தப் பெட்டி உகந்தது. தலைவருக்கு நாரிப்பிடிப்பு, குனிந்து நிமிர ஏலாது. எட்டு மாதத்தில் இருபத்தாறு பெட்டிகளைப் பரீட்சித்து, மூன்றுமுறை ஆஸ்பத்திரியில் படுத்து, தேசத்துக்காக அவர் பட்ட பாட்டைச் செயலாளர் கண்கலங்கச் சொன்னார். கடைசியில் தலைவர் தூக்கியது ஒன்றே ஒன்று. சவர்க்காரக் கட்டியளவில், போனுக்குச் சார்ஜ் போடுகிற சாமான். அதைத்தான் சபை எல்லா வீட்டுக்கும் தெரிவுசெய்திருந்தது.

கேள்வி நேரத்தில் ஹெக்டர் எழும்பி, தன்னுடைய மனைவி ஒட்சிசன் மெஷினில் இருக்கிறா, அவவுக்கு இது காணாது என்றார். தலைவர் கனிவாகக் கேட்டார்:

"உங்கள் மனைவிக்கு ஒருநாளைக்கு எத்தனைமுறை சார்ஜ் செய்யவேண்டும்?"

ஹெக்டர் வாயைத் திறந்தார். வரவிருந்தது நல்ல வார்த்தையில்லை. அபூதாஹிர் அவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்து இருத்தி, ஒரு பட்டிஸைக் கையில் கொடுத்தார். அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்து, வேலைக்கொட்டிலில் ஒரு பழைய எஞ்சினின் முன்னால் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தார். கழற்றவுமில்லை, பூட்டவுமில்லை. எஞ்சின் என்றால் எங்கே பிழை என்று காட்டும், இது காட்டுதில்லையே என்று கிறிஸ்டினிடம் சொன்னார். கிறிஸ்டின் அவருடைய தலையைத் தடவிவிட்டா. அந்தக் கிழமை இரண்டுதரம் கரண்ட் போனது. இரண்டாம் தரம் மானி எண்பதுக்குக் கீழே போய் வந்தது. இனி ஒருதரம் இப்படிப் போனால் தன்னிடம் கொண்டுவரவேண்டிய தேவை இருக்காது என்று டொக்டர் மெதுவாகச் சொன்னார். ஹெக்டருக்கு விளங்கியது. விளங்காத மாதிரிக் கேட்டுக்கொண்டு வந்தார்.

கடைசிப் படி நேர்முகம். விசேட தேவை என்று சொல்லி வேறு பெட்டி கேட்டால், பாவிக்கும் ஆளும், அவர் பாவிக்கும் மெஷினும் சபையின் முன்னால் நேரில் தோன்றவேண்டும். நாற்பது கடிதம் எழுதியும் அதை மாற்ற முடியவில்லை. கிறிஸ்டின்தான், போவம், முடிச்சுவிடுவம் என்றா. ஒரு புதன்கிழமை காலை சிலிண்டரையும் மெஷினையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டார்கள். பத்து மணிக் கூட்டம் பத்து ஐம்பதுக்குத்தான் தொடங்கியது. வாசலில் காவலாளி மெஷினின் இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி, பிறகு இன்னொரு கொப்பியில் எழுதி முடிப்பதற்குள் சிலிண்டர் காலி. மண்டபத்தில் சுவர்ப் பிளக்கில் கொழுவியதும்தான் கிறிஸ்டினுக்கு முகம் தெளிந்தது.

ஒன்பது பேர் மேசையைச் சுற்றி இருந்தார்கள். பாஹிம் சாட்சிக்கு ஓரத்தில் நின்றார். மங்கள விளக்கு, மௌன வணக்கம், வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முறையாக நடந்தன. கந்தோரைக் கூட்டித் துடைக்கிற றம்லா எல்லோருக்கும் சூடான தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. தலைவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, சென்ற கூட்டக் குறிப்பை உறுதிப்படுத்தலாமா என்று கேட்டபோது கரண்ட் போனது.

யன்னல்களெல்லாம் ஏசிக்காக மூடி அடைத்திருந்தன. வெளியே நல்ல வெயில். உள்ளே கும்மிருட்டு, மங்கள விளக்கு மட்டும் எரிந்தது. கிறிஸ்டினின் மெஷின் நீட்டி அலறிவிட்டு நின்றது. ஹெக்டர், ஜெனரேட்டரைப் போடுங்கோ என்றார். ஜெனரேட்டர் அறைப் பூட்டின் திறப்பு களஞ்சியப் பொறுப்பாளரின் மேசை லாச்சிக்குள் இருந்தது. லாச்சியின் திறப்பு களஞ்சியப் பொறுப்பாளரிடம் இருந்தது. களஞ்சியப் பொறுப்பாளர் அவசரகாலத் தயார்நிலைப் பயிற்சிக்குக் கொழும்புக்குப் போயிருந்தார்.

சபை பதறவில்லை. பதறாமல் இருப்பதற்காகத்தான் சபை. இது முகாமைத்துவமா, இடைவேளையா, பழுதா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அறிவித்தல் ஏதும் வந்ததா என்று தேடச்சொன்னார் இன்னொருவர். செயலாளர் மணிக்கூட்டை விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, இப்போது பதினொன்று இருபது, மத்தியானம் ஒன்று இருபதுக்குத்தான் இது என்னவென்று திட்டமாகச் சொல்லலாம் என்றார். அதுவரை கூட்டத்தை ஒத்திவைப்பதா, ஒத்திவைக்கும் தீர்மானத்தை இருட்டில் வாக்கெடுக்கலாமா, கை உயர்த்தியது தெரியாதே என்று பேச்சு வளர்ந்தது.

ஹெக்டர் மானியைப் பார்த்தார். எண்பத்தாறு. எண்பத்து மூன்று. கிறிஸ்டினின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. கடையில் ஓட்டிப் பார்த்த பெட்டி பத்தடி தூரத்தில் ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றது. ஹெக்டர் எழும்பிப் போய் அலுமாரிக் கதவில் கையை வைத்தார்.

"தொடவேண்டாம்," என்றார் தலைவர். "அது தெரிவுக்கு உகந்ததல்ல. அதில் மின்சாரமும் இருக்காது. எட்டு மாதமாக ஒருவரும் அதைச் சார்ஜ் செய்யவில்லை."

றம்லா தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தா. "முழுக்க இருக்கு சேர். குசினிப் பிளக் எரிஞ்சு எட்டு மாசம். திருத்தச் சொல்லிக் குடுத்த கடிதம் உங்கட மேசையிலதான் கிடக்கு. நான் அந்தப் பெட்டிய ராவில மண்டபப் பிளக்கில சார்ஜ் போட்டுவச்சு, அதிலதான் கேத்திலக் கொதிக்கவச்சு உங்களுக்கெல்லாம் தேத்தண்ணி போடுறன்."

ஒன்பது பேரும் தங்கள் முன்னால் இருந்த கோப்பைகளைப் பார்த்தார்கள். றம்லா இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தா. ஹெக்டர் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கிவந்து கதிரையடியில் வைத்துக் கொழுவினார். மெஷின் உறுமிக்கொண்டு எழும்பியது. மானி எழுபத்தெட்டில் நின்றது. அந்த இலக்கம் மாறுகிறவரைக்கும் ஹெக்டர் மூச்சு விடவில்லை. எழுபத்தொன்பது வந்தது. எண்பத்து நாலு வந்தது. தொண்ணூறு வந்தபோது மனுசன் நிலத்தில் இருந்துகொண்டு, கிறிஸ்டினின் முழங்காலில் முகத்தை வைத்து அழுதார்.

கிறிஸ்டினுக்குக் கதைக்க வர இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. மேசைப் பக்கம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டா:

"இஞ்சருங்கோ, இவையள் என்ன தீர்மானிச்சவை?"

"இன்னும் ஒண்டும் தீர்மானிக்கேல்லை."

"அப்ப நாங்கள் வீட்ட போவம்."

ஹெக்டர் பெட்டியை ஒரு கையிலும் கிறிஸ்டினை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தார். மெஷினைப் பின்னால் பாஹிம் உருட்டிக்கொண்டு வந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார். வேலைநேரத்தில் எதையாவது கண்டால் அவர் எழுதவேண்டும், காணாவிட்டால் எழுதத் தேவையில்லை. வாசல் படியில் இரண்டுதரம் முட்டுப்பட்டார், ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை. மண்டபத்துக்குள் செயலாளர், அவர்கள் போவதைக் கூட்டக் குறிப்பில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒன்பது நாள் ஹெக்டர் படலைச் சத்தம் கேட்டாலே திடுக்கிட்டார். அரசாங்கச் சாமானைத் தூக்கிவந்தது களவுதானே, பொலிஸ் வரும், வந்தால் பெட்டியைக் கொண்டுபோவான்கள், தன்னைக் கொண்டுபோனாலும் பரவாயில்லை, பெட்டியைக் கொண்டுபோகக்கூடாது என்று இருந்தார். ஹஸ்மியின் கடையில் காசைக் கொடுத்து அதே பெட்டியைச் சபைக்கு வாங்கி அனுப்பலாமா என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். சபைக்கு விற்பதென்றாலும் சபையின் சான்றிதழ் வேண்டும் என்றான் ஹஸ்மி.

பத்தாம் நாள் பாஹிம் ஒரு கடிதத்தோடு வந்தார். ஹெக்டர் வாசலிலேயே நின்று பிரித்தார். சபையின் கண்ணாடி அலுமாரியில் நீண்டகாலமாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்த, தெரிவுக்கு உகந்ததல்லாத ஒரு பொருளைத் தமது சொந்தச் செலவில் அப்புறப்படுத்தி உதவியமைக்காக ஹெக்டர் அவர்களுக்குச் சபை ஏகமனதாக நன்றி தெரிவித்திருந்தது. இனி அதைத் திருப்பி ஒப்படைக்க முயல்வது சட்டவிரோதக் கழிவு கொட்டலாகக் கருதப்படும் என்று அடியில் ஒரு குறிப்பு.

ஹெக்டர் நம்பாமல் பாஹிமின் முகத்தைப் பார்த்தார். பாஹிம் கோப்பிலிருந்து இன்னொரு கடதாசியை எடுத்து மேசையில் வைத்தார். சபையின் மண்டபத்திலேயே மின்தடை நடந்தது என்று பதிவானால், நாட்டில் மின்தடை இருப்பது நிரூபணமாகிவிடும், தானே தயாரில்லாத சபை எதற்கு என்று மேலிடமும் கேட்கும். அதனால் அன்றைக்கு அங்கிருந்த எல்லோரிடமும் ஒரு வாக்குமூலம் வாங்குகிறார்களாம். றம்லா ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டா. அவவின் குசினிப் பிளக்கைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள்.

கடதாசியில் ஒரே ஒரு வசனம்: குறித்த தினத்தில் குறித்த மண்டபத்தில் எவ்வித மின்தடையும் நிகழவில்லை என இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.

ஹெக்டர் பேனையை எடுத்தார், திரும்பவும் கீழே வைத்தார். கரண்ட் போனது என்று நம்பவைக்க நான்கு மாதம் அலைந்த மனுசன். கோபத்தில் காது சிவந்தது. கிழித்து எறிவோமா என்று நினைத்தார். அறைக்குள்ளிருந்து கிறிஸ்டின், என்னவாம் என்று கேட்டா.

"அண்டைக்குக் கரண்ட் போகேல்லையாம். என்னைக் கையெழுத்து வைக்கட்டாம்."

"வையுங்கோவன். அவையளுக்கும் ஏதாவது ஒண்டு உகந்ததாய் இருக்கட்டும்."

சொல்லிவிட்டுக் கிறிஸ்டின் சிரிக்கத் தொடங்கினா. மூச்சுக்குப் பயந்து இரண்டு வருசமாக அடக்கிவைத்திருந்த சிரிப்பு, கட்டில் குலுங்கிக் குலுங்கி வந்தது. ஹெக்டர் கையெழுத்தை வைத்தார். மையும் காயவில்லை, தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது. பாஹிம் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்தரை மணி, வேலைநேரம். அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டார். அறைக்குள் மெஷின் நிற்கவில்லை. கிறிஸ்டினும் சிரிப்பை நிறுத்தவில்லை.